ஜூலையில் காரில் உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும், அவர்களை இங்கிருந்து வழியனுப்புகிறவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வளைகுடா நாடுகளில் பிள்ளைகள், மாப்பிள்ளைமார் இருக்கிறவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன கிழமை என் பழைய மாணவர் ஒருவர் ஓமானிலிருந்து வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பியிருந்தார். "டீச்சர், ஜூலையில நாங்க மூணு குடும்பம் உம்ராக்குப் போறம். கார்லதான், புது ரோட்டால. உம்மாவும் வாப்பாவும் விசிட்ல வந்திருக்காங்க, அவங்களயும் கூட்டிட்டுப் போறம். நீங்க முந்தி ரியாத்ல இருந்து போனீங்கதானே, என்னென்ன சாமான் எடுக்கணும்? துஆச் செய்ங்க டீச்சர்."

துஆச் செய்தேன். ஆனால் சாமான் பட்டியல் அனுப்பக் கை வரவில்லை. முதலில் அவரிடம் கேட்டது, "எத்தன நாள் லீவு தம்பி?" என்றுதான். "அஞ்சு நாள் டீச்சர், போய்வரக் காணும்" என்றார்.

அவர் சொன்ன புது ரோட்டு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஓமானிலிருந்து சவூதிக்குத் தரைவழியாகப் போவதென்றால் எமிரேட்ஸைச் சுற்றித்தான் போகவேண்டும். இப்போது இப்ரியிலிருந்து நேரே எல்லைக்குப் போய், சவூதிப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ருபுஉல் காலியின் ஊடாக ஓடவேண்டும். ருபுஉல் காலி என்றால் வெற்றுக் கால்பகுதி என்று அர்த்தம். பெயருக்கேற்ற இடம். அதைத் தாண்டினாலும் பாதி வழிகூட வந்திருக்காது. மஸ்கட்டிலிருந்து மக்காவுக்கு எப்படிக் கணக்குப் பார்த்தாலும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். போக 2,000, வர 2,000, நடுவில் உம்ரா. இதற்கு ஐந்து நாள். ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார்?

நான் சொல்ல வருவது இதைத்தான். பாலைவனப் பயணத்துக்குத் தயாராவது என்றால் தண்ணீர்ப் போத்தல் அடுக்குவது என்றுதான் நம்மில் அநேகர் நினைக்கிறோம். அது இரண்டாவது. முதலாவது லீவு. லீவு காணாவிட்டால் மற்ற எந்தத் தயார்ப்படுத்தலும் பாதிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் பிள்ளைகளோடும் மாமியோடும் விசிட் விசாவில் ரியாத் போயிருந்தேன். இவருக்கு வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. ஆறரைக்கு வெளிக்கிட்டோம். ரியாத்திலிருந்து மக்கா ஏறத்தாழ 900 கிலோமீட்டர். வெள்ளி சுபஹுக்கு ஹரத்தில் இருக்கவேண்டும், சனி இரவு திரும்பிவிடவேண்டும், ஞாயிறு காலை வேலை. அங்கே அநேகமான நம்மவர்கள் போகிற முறை இதுதான். "எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்ற வார்த்தையில் நாங்களும் ஏறிக்கொண்டோம்.

பின்னிரவு மூன்று மணியிருக்கும். பின் சீற்றில் எல்லாரும் தூக்கம். நானும் கண்ணயர்ந்துவிட்டேன். 'கடகட கடகட' என்று ஒரு சத்தம். ரோட்டின் ஓரக்கோட்டில் வரி வரியாக வெட்டி வைத்திருப்பார்களே, அதில் டயர் ஏறியிருந்தது. இவருடைய கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் ஆள் இல்லை. நான் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஸ்டியரிங் திரும்பியது. அவர் அன்று காலை நாலரைக்குச் சுபஹுக்கு எழுந்தவர். இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்காத மனிதரிடம் நான்கு உயிர்களைக் கொடுத்துவிட்டு நான் தஸ்பீஹ் ஓதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருக்கிற ஒருவரின் கவனமும் கை வேகமும் மது அருந்தியவருடையதைப் போலக் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் பிள்ளைகள் ஒரு சொட்டும் தொடாதவர்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வியாழன் இரவு வேலை முடிந்து நேரே ஸ்டியரிங்கில் உட்காருகிற பிள்ளை கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் ஓட்டுகிறது, அதுவும் மணிக்கு 140 வரை அனுமதி உள்ள ரோட்டில். இரவில் ஒட்டகம் வேறு. வேலி இல்லாத இடங்களில் குறுக்கே வந்து நிற்கும். மணல் நிறம், லைட்டில் சட்டென்று தெரியாது. கால் உயரம் என்பதால் அடிபட்டால் அதன் உடம்பு பொனட்டைத் தாண்டிக் கண்ணாடியில்தான் வந்து விழும்.

அப்போ பகலில் ஓட்டலாமே என்பீர்கள். அதையும் பார்த்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மக்காவிலிருந்து திரும்பினோம். தாயிஃபைத் தாண்டி சுமார் 250 கிலோமீட்டர் போனபின், நேரம் பகல் பன்னிரண்டரை, பின் டயர் வெடித்தது. அல்லாஹ்வின் காவல், வண்டி புரளவில்லை. ஓரங்கட்டினோம். மரம் இல்லை, கட்டடம் இல்லை. 46 டிகிரி என்று காரில் காட்டியது. அது காற்றின் வெப்பம்தான். தார் ரோட்டின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். செருப்பு இல்லாமல் இறங்கிய என் நாலு வயது மகன் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது.

டிக்கியைத் திறந்தால் ஸ்பெயார் டயரைக் காணவில்லை. அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மேலே ஐந்து லீட்டர் ஸம்ஸம் கேன் ஆறு, பேரீச்சம்பழப் பெட்டிகள், சாச்சிக்கு அபாயா, பெரியம்மாவுக்குத் தொழுகைப் பாய், அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான். ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரத்தில் அடுக்கினோம். நட்டுக் கழற்றும் சாவி வெயிலில் கிடந்து காய்ந்து இவருடைய உள்ளங்கையில் கொப்பளம் போட்டது. எஞ்சினை நிறுத்தியதால் ஏசி இல்லை. காருக்குள் இருப்பதா, வெளியே நிற்பதா என்றே தெரியவில்லை. குடிக்கிற தண்ணீர் என்று நாங்கள் கொண்டுவந்தது சின்னப் போத்தல் ஐந்து. மூன்று காலையிலேயே முடிந்திருந்தது.

இருபது நிமிஷம் போயிருக்கும். மாமி என் கையைப் பிடித்து, "ஊடு வந்திட்டா புள்ள?" என்று கேட்டா.

நான் முதலில் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், பகிடி இல்லை. மாமி நீரிழிவுக்காரி, பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறவ. உடம்பு கொதித்தது. சூட்டில் ஒரு ஆள் தடுமாறிக் கதைக்கத் தொடங்கினால் அது களைப்பு இல்லை, உயிருக்கு ஆபத்தான நிலை என்று நான் எட்டாம் வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். உடனே குளிர்மைப்படுத்த வேண்டும். எதனால்? ஊருக்கு என்று வைத்திருந்த ஸம்ஸம் கேனை உடைத்து மாமியின் தலையிலும் கழுத்திலும் கை காலிலும் ஊற்றினேன். அதில் நனைத்த துணியால் பிள்ளைகள் விசிறினார்கள். அந்த நேரம் ஒரு பெரிய லொறி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. பாகிஸ்தான்காரச் சாரதி. இறங்குமுன்னமே வண்டியை முன்னும் பின்னும் எடுத்து அதன் நிழல் எங்கள் மேல் விழும்படி நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் ஸலாம் சொன்னார். ஐஸ் பெட்டியில் இருந்த தண்ணீரைத் தந்தார். மாமிக்குப் புத்தி தெளிய அரை மணித்தியாலம் எடுத்தது.

ஊருக்கு வந்தபோது ஒரு சொந்தக்காரர் கேட்டார், "ஆறு கேன் எண்டு சொன்னீங்க, அஞ்சுதானே இருக்கு?"

அவரில் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படிக் கேட்டிருக்கிற ஆள்தான். ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்த டயரை வெடிக்க வைத்ததில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. டயர் வெடிப்பதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. பழைய டயர், குறைந்த காற்று, கூடிய பாரம், கூடிய வேகம் இவை சேரும்போது டயரின் உள்சூடு ஏறுகிறது, வெயில் அதை முடித்து வைக்கிறது. முப்பது கிலோ தண்ணீர், இருபது கிலோ ஈத்தம்பழம், ஐந்து பேர். காற்று வழக்கமான அளவில்தான் இருந்தது. சாரதியின் கதவை அண்டி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், பாரம் நிறைந்த வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தனியாகப் போட்டிருப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்தக் காற்றை வெளிக்கிட முன், டயர் ஆறியிருக்கும்போது அடிக்கவேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டுகிறது என்று காற்றை இறக்கினால், அது டயரை நாமே பலவீனப்படுத்துவது.

இன்னொன்று, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமை, கடைசி இரண்டும் எந்த வருடம். 2218 என்றால் 2018ஆம் வருடத்தின் 22ஆவது கிழமை. பூ நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஏமாறவேண்டாம், ரப்பர் உள்ளே காய்ந்திருக்கும். எங்கள் டயர் எட்டு வருடம் பழையது. வண்டியைக் கைமாறி வாங்கியவர்கள் கட்டாயம் இதைப் பாருங்கள். ஸ்பெயாரையும் பாருங்கள். அது டிக்கியின் அடியில் கிடந்தே வயதாகியிருக்கும்.

"அல்லாஹ்ட வீட்டுக்குப் போறவங்கள அல்லாஹ் பாத்துக்குவான்" என்று கொமன்டில் எழுத இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸ் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஹிஜ்ரத்தைப் பற்றிக் கேட்கிறேன். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் தவக்குலுக்கு மேல் ஒரு தவக்குல் உண்டா? அந்தப் பயணத்துக்காக அபூபக்ர் ரழியல்லாஹு அன்ஹு இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்தார்கள். பாதை தெரிந்தவர் என்பதற்காக, முஸ்லிமாகக்கூட இல்லாத அப்துல்லாஹ் இப்னு உரைகித்தைக் கூலிக்கு வழிகாட்டியாக அமர்த்தினார்கள். உடனே ஓடவில்லை, ஸவ்ர் குகையில் மூன்று இரவு தங்கினார்கள். ஊரில் என்ன நடக்கிறது என்ற செய்தியை ஒருவர் கொண்டுவந்தார். உணவுப் பொதியைக் கட்ட அஸ்மா ரழியல்லாஹு அன்ஹா தன் இடுப்புப் பட்டியையே கிழித்தார்கள். வாகனம், வழிகாட்டி, நேரம், செய்தி, உணவு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. நம்முடைய பயணத்தில் இதில் எது இருக்கிறது? கூகுள் மெப் இருக்கிறது, சிக்னல் இருக்கும் வரைக்கும்.

சிக்னல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, 2024 ஆகஸ்டில், ருபுஉல் காலியில் வேலை விஷயமாகப் போன ஓர் இந்திய இளைஞரும் அவரோடு வேலை செய்த சூடான் நாட்டவரும் இறந்த செய்தியைப் பலர் வாசித்திருப்பீர்கள். வழிகாட்டும் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை, போனின் பட்டரி இறங்கியது, பெற்றோல் முடிந்தது. நாட்கள் கழித்து வண்டிக்குப் பக்கத்தில் ஜனாஸாக்களாகக் கண்டெடுத்தார்கள். அதே வருஷம் ஹஜ்ஜில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் மரணித்ததாக சவூதி அரசு அறிவித்தது. அதில் 83 வீதமானவர்கள் அனுமதி இல்லாமல் வந்து, நிழல் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் எல்லாரையும் பொருந்திக்கொள்வானாக.

அந்த நாட்டுக்காரர்கள் வெயிலோடு விளையாடுவதில்லை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை. ஓமானிலும் கட்டாரிலும் எமிரேட்ஸிலும் இதே மாதிரிச் சட்டம் உண்டு. கல் சுமக்கிற வாலிபனையே அந்த நேரத்தில் வெயிலில் நிற்காதே என்கிறார்கள். நாம் எழுபது வயது உம்மாவை அதே நேரத்தில் நடு ரோட்டில் கொண்டுபோய் வைக்கிறோம்.

விமானத்தில் போங்கள் என்று சொல்வது லேசு. ஐந்து பேருக்கு டிக்கட் காசைப் பார்த்துவிட்டுத்தான் நாங்களும் காரில் ஏறினோம், அதனால் அந்த உபதேசம் என் வாயில் வராது. ஆனால் ரியாத், தம்மாம் பக்கம் இருக்கிறவர்களுக்கு உம்ரா பஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் நவம்பர் மட்டுக்கும் பொறுக்கலாம். உம்ராவுக்கு ஜூலை என்று ஒரு காலம் விதிக்கப்படவில்லை. விசா முடிகிறது, வேறு வழியே இல்லை என்கிறவர்களுக்குத்தான் மீதி.

லீவு கேட்கும்போது, போகும் வழியில் ஒரு இரவு, வரும் வழியில் ஒரு இரவு தூங்குவதற்கு என்று சேர்த்துக் கேளுங்கள். ஓமானிலிருந்து என்றால் இரண்டிரண்டு. ஜூலையில் ரியாத்தில் சுபஹ் நாலு மணிக்குள் வந்துவிடும். இரவு வடிவாகத் தூங்கி, சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் 600 கிலோமீட்டர் ஓடிவிடலாம். பிறகு ஏதாவது ஒரு ஊரில் ஏசி அறை ஒன்றை அரை நாளுக்கு எடுத்துப் படுங்கள். அஸருக்குப் பிறகு மீதியை ஓடுங்கள். அந்த அறைக் காசை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பிரயாணிக்கு ஜம்உ, கஸ்ர் என்று மார்க்கம் இலேசாக்கித் தந்திருக்கும்போது, ஸுன்னத்தான நோன்போடு ஸ்டியரிங் பிடிக்கிற வீரமும் வேண்டாம். ஆண்கள் ரியாத்திலேயே இஹ்ராம் உடுத்திக்கொண்டு ஏறவேண்டிய அவசியம் இல்லை. மீகாத் ஸைலுல் கபீரில் உடுத்தலாம். அதன்பின் தலையை மூட முடியாது, ஆனால் குடை பிடிக்கலாம். ஆளுக்கொரு குடை கையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லீட்டராவது, டிக்கியில் இல்லை, கையெட்டும் இடத்தில். ரேடியேட்டருக்குத் தனியாக. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பின் உப்பு இறங்கும். இங்கிருந்து போகிறவர்கள் கையில் பத்துப் பக்கெட் ஜீவனி கொடுத்துவிடுங்கள், பலகாரத்தைவிட அது உதவும். இன்சுலின் பாவிக்கிறவர்களுக்கு அதை வைக்கக் குளிர்ப் பை ஒன்று வேண்டும், காருக்குள் வெயிலில் கிடந்தால் மருந்து கெட்டுவிடும். பிரஷருக்காக நீர் இறக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள் போகுமுன் டொக்டரிடம் கேளுங்கள். மாமியின் விஷயத்தில் நாங்கள் கேட்காமல் போனோம்.

பெற்றோல் பாதிக்கு வந்தால் அடுத்த செட்டில் நிரப்புங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தூரத்திலிருந்து தேடுகிறவர்களுக்குத் தெரிவது கார்தான், ஆள் இல்லை. ஏசி இல்லாத காருக்குள்ளும் இருக்காதீர்கள். அதன் நிழல் பக்கத்தில், ரோட்டை விட்டு விலகி, பாய் போட்டு உட்காருங்கள். ஒரு பெரிய வெள்ளைப் படங்கும் நாலு கயிறும் இருந்தால் நிழல் உங்கள் கையிலேயே இருக்கும். அந்த லொறிக்காரர் வரும் வரைக்கும் எங்களிடம் அது இருக்கவில்லை.

இனி ஊரில் இருக்கிற நாம். ஓடுகிற காருக்கு வீடியோ கோல் எடுக்கவேண்டாம். அன்று டயர் மாற்றி முடித்து போனைப் பார்த்தபோது என் உம்மாவிடமிருந்து பதினான்கு மிஸ்ட் கோல். பட்டரி பாதிக்குக் கீழே. "கஃபாவக் காட்டு மகள்" என்று முதல் நாள் முழுக்க எடுத்ததும் அவதான். பாசம்தான், ஆனால் அந்தப் பட்டரி அந்த ரோட்டில் ஒரு ஆளின் உயிர். பதிலாக ஒரே ஒருவர், பொறுப்பான ஒருவர், பயணத் திட்டத்தை எழுதி வைத்திருங்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறார்கள், எந்த ரோட்டு, எங்கே நிற்பார்கள், எத்தனை மணிக்குச் செய்தி வரும், வண்டி இலக்கம் என்ன. சொன்ன நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கடந்தும் செய்தி இல்லையென்றால் அலுவல் தொடங்கவேண்டும். அதற்கு அந்த நாட்டிலேயே இருக்கிற ஒரு நண்பரின் இலக்கம் வேண்டும். ஏனென்றால் இங்கிருந்து 911 அடித்தால் ரியாத்துக்குப் போகாது. சவூதியில் மக்கா, ரியாத், கிழக்குப் பகுதிகளில் 911, அம்புலன்ஸுக்கு 997. ஓமானில் 9999. பிள்ளைகள் போனில் இருந்தால் காணாது, ஒரு தாளில் எழுதிக் காரிலும் ஒட்டுங்கள்.

ஸம்ஸம் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசைதான். காரில் போகிற பிள்ளையிடம் ஜூலையில் கேட்காதீர்கள்.

இவ்வளவையும் அந்த மாணவருக்கு வொய்ஸில் சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. டீச்சர் பயங்காட்டிவிட்டா என்று நினைத்திருப்பார். நேற்று இரவு ஒரு படம் வந்தது. டயரின் பக்கவாட்டை டோர்ச் அடித்து எடுத்த படம். கீழே, "லீவு ரெண்டு நாள் கூடக் கேட்டிருக்கன் டீச்சர், இன்னும் பதில் வரல்ல. இந்த டயர் காணுமா?"

இலக்கம் 3117.

"மாத்துங்க தம்பி. நாலையும்" என்று எழுதினேன். "மத்த ரெண்டு கார்லயும் பாத்து அனுப்புங்க."